பென் டிரைவுக்குள் சொந்த சிஸ்டம் பிறந்த கதை

நின்றுபோன கம்ப்யூட்டரின் பேக்கப்பைத் திறக்க, ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். பேக்கப் எடுக்கும் பழக்கம் தொடங்கிய நாளிலிருந்தே இந்தச் சங்கடம் இருக்கிறது. 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘டார்’ என்றொரு கட்டளை சேர்ந்தது. ஃபைல்களை மொத்தமாகக் கட்டிக் காந்த நாடாவில் ஏற்றுவது அதன் வேலை. இன்றைக்கும் லினக்ஸில் அதே டார்தான். ஆனால் நாடாவில் இருப்பது வெறும் சரக்கு. ஹார்டு டிஸ்க் போய்விட்டால் முதலில் புது டிஸ்க்கில் ஓஎஸ் போட்டு, நாடாக் கருவியை அதற்கு அடையாளம் காட்டி, பிறகுதான் கட்டை அவிழ்க்க முடியும். எடுத்துவைத்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். திருப்பிப் போட உட்கார்ந்தவருக்குத்தான் வியர்த்திருக்கும்.

எடுத்த பேக்கப்பே எழுந்து நின்று கம்ப்யூட்டராக ஓடினால் இந்தப் பாடு இல்லை. அப்படி ஒன்று சாத்தியமாக இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனது எப்படி என்பதுதான் வேடிக்கை. பேக்கப்புக்காக யாரும் அதைத் தேடிப் போகவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய மனமில்லாத ஒருவர் தனக்காகச் செய்துகொண்டது அது.

லினக்ஸின் வரலாற்றில் பேக்கப் விஷயம் தொடக்கத்திலேயே தலைகாட்டுகிறது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பி, அதிலிருந்த மினிக்ஸ் என்ற ஓஎஸ்ஸைக் கெடுத்துக்கொண்டார். மறுபடி மினிக்ஸை நிறுவுவதற்குப் பதில், தான் எழுதிக்கொண்டிருந்த அரைகுறை லினக்ஸையே முழுசாகப் பயன்படுத்தத் தீர்மானித்தார். 1996-ல் அவருடைய டிஸ்க் மறுபடி போனபோது, நாடாவில் பேக்கப் எடுப்பதெல்லாம் கோழைகளின் வேலை, நல்ல சரக்கை எஃப்டிபி வழியாக இணையத்தில் ஏற்றிவிட்டால் உலகமே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் என்கிற பொருளில் ஒரு கிண்டல் அடித்தார். அந்தக் கிண்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தனக்கென்று எடுத்த பிரதியும் ஊருக்குக் கொடுக்கிற பிரதியும் ஒன்றாகிவிடலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இந்தக் கதை முழுக்க அந்த எண்ணத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

அந்தக் காலத்தில் ஆபத்துக்கு உதவியது ஃபிளாப்பி. ஒன்றில் ஓஎஸ்ஸின் மையமான கெர்னல், இன்னொன்றில் அதற்கு வேண்டிய ஃபைல்கள் கொண்ட ரூட் ஃபைல் சிஸ்டம் என்று ஜோடியாக வைத்திருப்பார்கள். டாம் ஏசர் என்பவர் இரண்டையும் ஒரே ஃபிளாப்பிக்குள் அடைத்து ‘டாம்ஸ்ஆர்டிபிடி’ என்று வெளியிட்டார். 1.44 எம்பி ஃபிளாப்பியை 1.722 எம்பி கொள்ளும்படி ஃபார்மேட் செய்து, அதற்குள் ஒரு லினக்ஸை உட்காரவைத்தார். பழுது பார்க்க அது போதும். ஆனால் அதில் உங்கள் கம்ப்யூட்டரின் சாயல் எதுவும் இருக்காது. எழுத்து எழுத்தாகக் கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது உதவியது.

இடம் வேண்டுமானால் சிடிக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் ஆடம் ரிக்டரின் யிக்டிராசில் நிறுவனம் 1992 டிசம்பரிலேயே சிடியிலிருந்து ஓடும் லினக்ஸை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் பூட் செய்ய ஒரு ஃபிளாப்பி வேண்டியிருந்தது, ஏனென்றால் கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் உள்நிரலான அன்றைய பயாஸுக்குச் சிடி என்பது பாட்டுத் தட்டு மாதிரி. அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்று அதற்குத் தெரியாது. 1995 ஜனவரியில் ஐபிஎம்மும் ஃபீனிக்ஸும் சேர்ந்து அதற்கொரு விதி எழுதின. அதன் பெயர் எல் டோரிட்டோ. கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் ஒரு மெக்சிகன் சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கே உட்கார்ந்து பேசித் தீர்மானித்ததால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். விதி எளிமையானது. சிடியின் 17-ஆம் செக்டாரில் ஒரு குறிப்பு இருக்கும். அது காட்டுகிற இடத்தில் ஒரு ஃபிளாப்பியின் பிம்பம் இருக்கும். பயாஸ் அதை நிஜ ஃபிளாப்பி என்றே நம்பி பூட் செய்யும். பயாஸிடம் ஒரு சின்னப் பொய். அந்தப் பொய்யின் மேல்தான் தொடக்க கால லைவ் சிடிக்கள் பல, அதாவது நிறுவாமலே சிடியிலிருந்து ஓடும் சிஸ்டங்கள், நின்றன.

1990களின் கடைசியில் பாரீஸில் ரோபெர்த்தோ டி கோஸ்மோவும் நண்பர்களும் டெமோலினக்ஸ் என்ற ஒன்றைச் செய்தார்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே வரைகலைத் திரையோடு வரும் லினக்ஸ் அது.  பெயருக்கு ஏற்றாற்போல் அது மாதிரி காட்டுவதற்காகச் செய்தது. நாலு பேருக்கு லினக்ஸைக் காட்டிவிட்டு அணைத்துவிடுவார்கள்.

கதையின் திருப்பம் ஜெர்மனியில் நடந்தது. கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் படித்த மின்பொறியாளர் கிளாஸ் நாப்பர். போகிற இடங்களிலெல்லாம் தனக்குப் பழகிய கருவிகள் வேண்டும், லேப்டாப்பைச் சுமக்கக் கூடாது. எல் டோரிட்டோ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் அவருக்கு இருந்தது. தான் அன்றாடம் பயன்படுத்தும் புரோகிராம்களையெல்லாம் ஒரு சிடியில் ஏற்றி, அதிலிருந்தே பூட் ஆகும்படி செய்துகொண்டார். அவ்வளவுதான் நோக்கம். அதைப் பார்த்த நண்பர்கள் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். 2000 செப்டம்பரில் நாப்பிக்ஸ் என்று வெளியே வந்தது அந்தச் சிடிதான்.

ஒருவர் தன் சிஸ்டத்தைத் தனக்காகப் பிரதி எடுத்தார். அது டிஸ்ட்ரோ, அதாவது ஊருக்கெல்லாம் கொடுக்கும் லினக்ஸ் தொகுப்பு, ஆகிவிட்டது. லினக்ஸ் உலகில் புது டிஸ்ட்ரோக்கள் பெரிய திட்டங்களோடும் கொள்கை விளக்கங்களோடும் வருவது வழக்கம். நாப்பிக்ஸ் ஒரு மனுஷனின் வசதிக்காக வந்தது. அதனால்தான் அது நன்றாக இருந்தது என்பது என் கட்சி.

நாப்பர் இரண்டு முட்டுக்கட்டைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முதலாவது இடம். சிடியில் 700 எம்பிதான் கொள்ளும். ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸல் எழுதிய சிலூப் என்ற கெர்னல் நிரலை எடுத்துக்கொண்டு அவர் வளர்த்தார். மொத்த ஃபைல் சிஸ்டத்தையும் சுருக்கி ஒரே ஃபைலாக வைத்து, கேட்கிற துண்டை மட்டும் அந்தந்த நேரத்தில் விரித்துக் கொடுப்பது அதன் வேலை. 2 ஜிபி அளவு மென்பொருள் 700 எம்பிக்குள் அடங்கியது. சிடி டிரைவ் மந்தமானது; சுருக்கிய துண்டை வாசித்துப் பிராசசரில் விரிப்பது, சுருக்காததை முழுசாக வாசிப்பதைவிடச் சில நேரம் வேகமாகவே இருந்தது. இரண்டாவது சிக்கல் வன்பொருள். கம்ப்யூட்டர் யாருடையது, அதில் என்ன கிராஃபிக்ஸ் கார்டு, என்ன சவுண்டு கார்டு என்று முன்கூட்டியே தெரியாது. ஒவ்வொரு தடவையும் எழுந்தவுடன் சுற்றிப் பார்த்து, இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற டிரைவரை ஏற்ற வேண்டும். இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு லினக்ஸ் நிறுவுகிறவர்கள் மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் புத்தகம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

2007-ல் நாப்பிக்ஸில் ஏட்ரியன் என்ற பகுதி சேர்ந்தது. திரையைப் பார்க்க முடியாதவர்களுக்காக எல்லாவற்றையும் குரலில் சொல்லும் டெஸ்க்டாப். நாப்பரின் மனைவி பெயர் ஏட்ரியன். பார்வைக் குறைபாடு உள்ளவர். வீட்டுத் தேவைக்குச் செய்ததை மறுபடியும் ஊருக்குக் கொடுத்தார் மனுஷர்.

சிடியில் எழுத முடியாது என்ற குறை மட்டும் நின்றது. செய்த மாற்றங்கள் அணைத்தால் போய்விடும். அதோடு, எழுத முடியாத ஃபோல்டருக்குள் எழுதப் போகும் புரோகிராம்கள் முரண்டு பிடிக்கும். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் சாடோக்கின் குழு எழுதிய யூனியன் எஃப்எஸ் இதற்கு வழி சொன்னது. வகுப்பில் வரைபடத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து அதில் எழுதுவார்களே, அந்த முறை. அடியில் எழுத முடியாத சிடி, மேலே ரேமில் ஒரு வெற்று அடுக்கு. எழுதுவதெல்லாம் மேலடுக்குக்குப் போகும். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். 2005-ல் நாப்பிக்ஸ் 3.8 இதை எடுத்துக்கொண்டது. இதே வேலையைச் செய்யும் ஓவர்லே எஃப்எஸ் 2014-ல் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. சுருக்கும் வேலைக்கு ஃபிலிப் லௌகரின் ஸ்குவாஷ் எஃப்எஸ் வந்தது. 2009 முதல் அதுவும் கெர்னலில் உண்டு. இன்றைய லைவ் லினக்ஸ்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இந்த இரண்டும் இருக்கும்.

அந்த வருஷங்களில் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது லைவ் சிடியில்தான். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி, நண்பரிடம் எரித்து வாங்கிய சிடி, 2005 முதல் 2011 வரை உபுண்டு என்ற டிஸ்ட்ரோவைச் செய்தவர்கள் கேட்டவருக்கெல்லாம் உலகம் முழுக்கத் தபாலில் அனுப்பிய சிடி. கல்லூரி விடுதி அறைகளுக்கு வெளிநாட்டு முத்திரையோடு அந்த உறை வந்தபோது இருந்த பெருமையை இப்போது யாருக்கும் விளக்க முடியாது. செலவு ஒரு பைசா இல்லை.

இனி பென் டிரைவ். யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. இன்டெலில் அதற்காகப் பாடுபட்ட அஜய் பட் குஜராத்தின் வதோதராவில் படித்தவர். அந்தத் துளையில் செருகும் சேமிப்புக் குச்சியை முதலில் செய்தது யார் என்பதில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸுக்கும் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனத்துக்கும் பழைய போட்டி உண்டு. இரண்டு பேருடைய சரக்கும் 2000-ல் சந்தைக்கு வந்தன. கொள்ளளவு 8 எம்பி. நாப்பிக்ஸும் பென் டிரைவும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஆனால் ஒன்றுக்குள் இன்னொன்று புகச் சில வருஷம் பிடித்தது. குச்சியில் இடம் போதவில்லை, பயாஸும் ஒத்துழைக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர்களின் பயாஸில் யூஎஸ்பி-எஃப்டிடி, யூஎஸ்பி-ஸிப், யூஎஸ்பி-ஹெச்டிடி என்று மூன்று வரிகள் இருக்கும். எது வேலை செய்யும் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாது. சர்வீஸ் கடைக்காரர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

சிடிக்கென்று செய்த ஐஎஸ்ஓ ஃபைலைப் பென் டிரைவில் அப்படியே கொட்டினால் பூட் ஆகாது என்பதும் ஒரு தலைவலி. காரணம், இரண்டின் தலைப்பகுதியும் வேறு. ஹார்டு டிஸ்க்குக்கும் பென் டிரைவுக்கும் முதல் 512 பைட்டில் பூட் நிரல் இருக்க வேண்டும். சிடியிலோ 17-ஆம் செக்டாரில்தான் சேதியே தொடங்கும். இதைத் தீர்த்தவர் சிஸ்லினக்ஸ் என்ற பூட் லோடரை எழுதிய ஹெச். பீட்டர் ஆன்வின். சிடியின் முதல் 16 செக்டார்களை, அதாவது 32 கேபியை, ஐஎஸ்ஓ 9660 விதி யாருக்கும் ஒதுக்காமல் காலியாக விட்டுவைத்திருக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் பூட் நிரலை அந்தக் காலியிடத்தில் வைத்துவிட்டால்? சிடியாக வாசிக்கிற பயாஸ் அதைத் தாண்டிக் குதித்து 17-க்குப் போகும். பென் டிரைவாக வாசிக்கிற பயாஸ் முதல் 512 பைட்டிலேயே தனக்கு வேண்டியதைக் கண்டுவிடும். ஒரே ஃபைல், இரண்டு பிறவி. 2008 வாக்கில் வந்த இந்த வித்தைக்கு ஐசோஹைப்ரிட் என்று பெயர். பழைய விதியில் யாரோ சும்மா விட்டுவைத்த 32 கேபி இவ்வளவு காலம் கழித்து உதவியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அதற்குப் பிறகுதான் ‘டிடி’ என்ற பழைய யூனிக்ஸ் கட்டளையை வைத்து ஐஎஸ்ஓவை நேரே பென் டிரைவில் எழுதும் பழக்கம் எல்லாருக்கும் வந்தது. டிடி கேள்வி கேட்காது. பென் டிரைவின் பெயரான எஸ்டிபி என்று எழுத வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று எழுதினால் ஹார்டு டிஸ்க்கின் தலையில் எழுதிவிட்டு, முடிந்தது என்று சொல்லும். எந்த எழுத்து எந்த டிரைவ் என்பதை எல்எஸ்பிஎல்கே கட்டளை போட்டு அளவை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்; மேலே 16 ஜிபி என்று அச்சடித்த குச்சி திரையில் 14 சொச்சம் என்று காட்டும், அதுதான் அடையாளம். எழுதி முடிந்ததும் உடனே பிடுங்கவும் கூடாது. மெமரியில் தேங்கி நிற்பது இறங்கி முடிய நேரம் ஆகும்.

இதுவரை சொன்னதெல்லாம் யாரோ செய்து கொடுத்த சிஸ்டம். உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் போட்டுவைத்த புரோகிராம்கள், எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, பிரிண்டர் அமைப்பு எல்லாவற்றோடும் உங்கள் சிஸ்டமே பென் டிரைவில் வர வேண்டும் என்றால் நாப்பர் செய்ததை நீங்களும் செய்ய வேண்டும். அது சாமானியருக்குக் கைவராத வேலையாகத்தான் இருந்தது. அதை ஒற்றைக் கட்டளையாக்கியது டோனி பிரிஜெஸ்கியின் ரீமாஸ்டர்சிஸ். டெபியன், உபுண்டு ஆகிய டிஸ்ட்ரோக்களில் ஓடியது. அதில் இரண்டு வழி இருந்தது. ‘பேக்கப்’ என்றால் உங்கள் ஃபைல்கள், கடவுச்சொற்கள் உள்படச் சகலமும் ஐஎஸ்ஓவாகும். ‘டிஸ்ட்’ என்றால் உங்கள் ஆள் அடையாளங்களைக் கழற்றிவிட்டு மற்றவருக்குக் கொடுக்கக்கூடிய சிஸ்டமாக வரும். லினஸின் கிண்டலும் நாப்பரின் சிடியும் சொன்ன விஷயம் இங்கே ஒரே கருவியின் இரண்டு பொத்தான்களாகிவிட்டது.

இந்தக் கருவி உள்ளே செய்வது என்ன என்று கிட்டப் போய்ப் பார்த்தால் அலுக்காது. முதலில் ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தைப் பிரதி எடுக்கும். ப்ராக், சிஸ், ரன் போன்ற ஃபோல்டர்களைத் தொடாது. அவை டிஸ்க்கில் இல்லை. கெர்னல் மெமரியில் கட்டிக்காட்டும் தோற்றங்கள். பிறகு எஃப்ஸ்டேப் என்ற ஃபைலைத் துடைக்கும். எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்ற பட்டியல் அது. பழைய டிஸ்க்கின் எண் அதில் கிடந்தால், வேறு கம்ப்யூட்டரில் பூட் ஆகும்போது இல்லாத டிஸ்க்குக்காக 1 நிமிஷம் 30 விநாடி காத்து நின்றுவிட்டுப் பிறகு புலம்பும். மிஷின் ஐடியையும் அழிக்க வேண்டும். ஒரே ஐடியோடு பத்து பிரதிகள் ஒரே நெட்வொர்க்கில் உட்கார்ந்தால் ஐபி முகவரிக்கு அடித்துக்கொள்ளும். அப்புறம் எல்லாவற்றையும் ஸ்குவாஷ் எஃப்எஸ்ஸாகச் சுருக்கும். பழைய பிராசசராக இருந்தால் இந்த இடத்தில் ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கும். டீ குடித்துவிட்டு வரலாம். கடைசியில் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டையையும் பக்கத்தில் வைத்து ஐஎஸ்ஓவாக்கும். பூட் ஆகும்போது அந்தச் சின்ன மூட்டைதான் முதலில் எழுந்து, செருகியிருக்கும் ஒவ்வொரு டிரைவாகத் தட்டிப் பார்த்து, ஸ்குவாஷ் ஃபைல் எதில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, மேலே ஓவர்லேயை விரித்துவிட்டு விலகிக்கொள்ளும்.

இங்கே ஒரு மதில் உண்டு: 4 ஜிபி. எஃப்ஏடி32 பென் டிரைவிலும் பழைய ஐஎஸ்ஓ விதிப்படியும் ஒரே ஃபைல் அதைத் தாண்டக் கூடாது. கல்யாண வீடியோவை ஹோம் ஃபோல்டரில் வைத்துக்கொண்டு பேக்கப் எடுக்கப் போனவர்கள் இந்த மதிலில்தான் முட்டினார்கள். சிஸ்டத்தை இதில் எடுங்கள், படங்களைத் தனியாக வையுங்கள்.

ரீமாஸ்டர்சிஸ் 2013-ல் நின்றது. அதன் இடத்துக்கு ஹங்கேரிக்காரர் ஒருவர் எழுதிய சிஸ்டம்பேக் வந்தது. 2016-ல் அதுவும் நின்றது. இந்தக் கருவிகளின் சாபம் இது. ஒரே ஆள் எழுதுவார், ஆயிரக்கணக்கானோர் நம்புவார்கள், அவர் களைத்துவிடுவார். இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றில் எம்எக்ஸ் லினக்ஸோடு வரும் எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட்டும், இத்தாலியின் பியரோ புரோயெட்டி எழுதும் பென்குயின்ஸ் எக்ஸும் நல்லவை. எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட் இன்றும் அதே இரண்டு வழியைத்தான் கேட்கிறது: கணக்குகளை அப்படியே வைக்கவா, துடைக்கவா? தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் பிறந்த குளோன்சில்லா இன்னொரு ரகம். முழு டிஸ்க்கையும் பிம்பமாக எடுத்து, அந்தப் பிம்பத்தோடு சேர்ந்து பூட் ஆகும் மீட்பு ஐஎஸ்ஓவைச் செய்யும். அது ஓடிக்காட்டாது, திருப்பிப் போடும்.

டைம்ஷிஃப்ட் எடுத்துவைத்திருக்கிறேன், அது போதாதா என்று பலர் கேட்பதுண்டு. லினக்ஸ் மின்ட் 2017 முதல் முன்னிறுத்தும் அருமையான கருவிதான். ஒரு அப்டேட் சிஸ்டத்தைக் கெடுத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது பூட் ஆகாது. டிஸ்க்கே எழவில்லை என்றால் லைவ் பென் டிரைவ் ஒன்றில் எழுந்து, அதற்குள்ளிருந்து டைம்ஷிஃப்டை ஓட்டித்தான் மீட்க வேண்டும். ஹோம் ஃபோல்டரை அது வழக்கமாகத் தொடுவதும் இல்லை. 1979-ன் நாடாச் சங்கடம் அங்கே அப்படியே இருக்கிறது.

எங்கள் பக்கம் இது ஏன் பேசப்பட வேண்டிய விஷயம் என்றால், புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஒரு கம்ப்யூட்டர் கெட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

“ஓஎஸ் புதுசா போட்டுடலாம்மா. உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?”

“ஐயோ, ப்ராஜெக்ட் இருக்குண்ணே. அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க.”

அப்போது கடைக்காரர் டிராயரிலிருந்து எடுப்பது ஒரு லைவ் பென் டிரைவ். அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஓஎஸ் செத்திருந்தாலும் டிஸ்க் உயிரோடு இருந்தால் ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம். டிஸ்க்கும் போயிருந்தால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது; அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. தரையில் வைத்த சிபியு பெட்டிக்குள் தண்ணீர் போன பிறகு எந்தக் கடைக்காரரும் எதுவும் செய்வதற்கில்லை. சேலைகளோடு பீரோவின் மேல்தட்டில் கிடக்கிற குச்சி தப்பிக்கும்.

இதைத் தனித்தனி ஆட்களின் பேக்கப் என்று நினைக்காமல் ஒரு மாநிலம் முழுக்கச் செய்துகாட்டியது கேரளம். 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பிற்பாடு பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுபோனது. 2017 முதல் கைட் என்ற பெயரில் நடக்கிறது. உபுண்டுவை எடுத்து, பாடத்துக்கு வேண்டிய புரோகிராம்களையும் மலையாள எழுத்துகளையும் ஏற்றி ஒரே அச்சாக வார்த்து, எல்லாப் பள்ளிக்கும் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டர் கெட்டால் ஆசிரியரே அதே அச்சை மறுபடி போட்டுக்கொள்வார். மாஹேயும் எங்கள் ஒன்றியப் பிரதேசம்தான். அங்குள்ள பள்ளிகள் கேரளப் பாடத்திட்டத்தில் நடந்தவை. ஆகவே ஒரே புதுச்சேரிக்குள் மாஹேப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் பாடமாக வந்தது. நெட்டப்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்போது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இருந்தது. பிளஸ் டூ புத்தகத்தில் ஸ்டார் ஆஃபீஸ், 2018-ல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டு. புத்தகத்தில் உபுண்டு வந்தது. அதை ஓட்டிப் பார்க்கப் பென் டிரைவ் எல்லார் கைக்கும் வந்ததா என்பது வேறு கேள்வி. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததுதான், இந்திய மொழிகளோடு. அரசு அச்சு இருந்தும் அது மாஹேயில் நடந்த மாதிரி வேர்விடவில்லை. வகுப்பறையில் கேட்பார் இல்லாத அச்சு தூங்கத்தான் செய்யும்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது உரிமம். லினக்ஸைப் பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்க ஜிபிஎல் என்ற அதன் உரிமம் அனுமதிக்கிறது. அதனால்தான் நாப்பரின் நண்பர்கள் கேட்டவுடன் பிரதி கிடைத்தது. மைக்ரோசாஃப்டும் பென் டிரைவில் ஓடும் விண்டோஸ் டு கோவைச் செய்தது, முதன்மையாகப் பெரிய நிறுவன வாடிக்கையாளர்களுக்காக. 2020-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். நுட்பம் அங்கேயும் இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு ஏறாத, ஆனால் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர்கள் பள்ளிகளிலும் வீடுகளிலும் எவ்வளவோ கிடக்கின்றன. அவற்றைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் தமிழ் விசைப்பலகை, லிப்ரே ஆஃபீஸ், பிரிண்டர் எல்லாம் சரிபார்த்து வைத்து, துடைத்த பிரதி ஒன்றை எடுத்துப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கட்டும். தெரியாதவர்களுக்குப் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. நெட்டப்பாக்கத்திலிருந்து இரண்டு ஊரும் பக்கம்தான். கொடுப்பதற்கு முன் வைஃபை கடவுச்சொல்லும் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் உள்ளே தங்கிவிடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை கடவுச்சொல் லினக்ஸில் பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே ஒரு ஃபைலில் கிடக்கும். தனக்கென்று எடுக்கும் முழுப் பிரதியை யார் கையிலும் கொடுக்காதீர்கள். எது எடுத்தாலும், எடுத்த அன்றைக்கே வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பூட் மெனுவுக்கான விசையை (பலவற்றில் எஃப்12) தட்டி, பூட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.